தாய்மண் இல்லாத ஆட்டம்

உலகின் பெரும்பாலான விளையாட்டுகள் முதலில் தெருவிலோ, பள்ளித் திடலிலோ, அறுவடை முடிந்த வயலிலோ ஆடப்பட்டவை. விதிநூலும் கோப்பையும் பின்னரே வந்தன. இந்த வரிசையைத் தலைகீழாக்கிப் பிறந்த ஆட்டம் ஒன்று உண்டு. அதற்கு முதலில் விதிகள் வகுக்கப்பட்டன. அடுத்து இரு நாட்டு அணிகள் தேர்வாயின. பார்வையாளர் அதன்பின் வந்தனர். அதைத் தெருவில் ஆடும் சிறுவர்கள் மட்டும் இறுதிவரை வரவேயில்லை. அயர்லாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையே நடந்துவந்த 'இன்டர்நேஷனல் ரூல்ஸ்' தொடர்தான் அது. 2017 நவம்பரில் பெர்த் நகரில் ஒரு தொடர் முடிந்தது. 2020 நவம்பரில் அயர்லாந்தில் நடக்கவிருந்த அடுத்த தொடர் கொரோனாப் பெருந்தொற்றால் கைவிடப்பட்டது. மைதானம் ஓய்ந்ததைவிடக் கவனத்துக்குரியது வேறொன்று: அந்த இழப்புக்காக இரு நாடுகளிலும் பெரிதாகக் குரல் எழவில்லை. ஒரு விளையாட்டுத் தொடர் தடைசெய்யப்படாமலும் தோற்கடிக்கப்படாமலும் மெல்ல மறக்கப்படுவது எப்படி என்பதை ஆராய விரும்புவோருக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

ஆட்டத்தின் அமைப்பை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். அயர்லாந்தின் கேலிக் கால்பந்து செவ்வகத் திடலில், உருண்டைப் பந்தைக் கொண்டு, அணிக்கு 15 பேராக ஆடப்படுவது. பந்தைக் கையில் ஏந்தலாம், உதைக்கலாம், முட்டியால் குத்தி அனுப்பலாம். ஆனால் எதிராளியைக் கட்டிப்பிடித்து வீழ்த்தக் கூடாது. ஆஸ்திரேலியக் கால்பந்து கிரிக்கெட் மைதானம் போன்ற நீள்வட்டப் பரப்பில், நீள்வட்டப் பந்தைக் கொண்டு, அணிக்கு 18 பேராக ஆடப்படுவது. அங்கே பந்து வைத்திருப்பவரைப் பிடித்துச் சாய்ப்பது ஆட்டத்தின் உயிர்நாடி. உதைக்கப்பட்ட பந்தை வானிலேயே பற்றினால் 'மார்க்'. பற்றியவருக்குத் தடையற்ற உதை கிடைக்கும். கலப்பு ஆட்டம் அயர்லாந்திடமிருந்து திடலையும் பந்தையும் வலைக் கம்பத்தையும் எடுத்துக்கொண்டது; ஆஸ்திரேலியாவிடமிருந்து மார்க்கையும் பிடித்து வீழ்த்தும் உரிமையையும் எடுத்துக்கொண்டது. வலைக்குள் பந்து புகுந்தால் 6 புள்ளி, குறுக்குக் கம்பிக்கு மேலே சென்றால் 3, வெளிக் கம்பங்களுக்கிடையே சென்றால் 1. இரு வீட்டுப் பெரியவர்களும் சீர்வரிசை பேசி முடித்த திருமணத்தைப்போல, விட்டுக்கொடுத்தலின் கணக்கு ஒவ்வொரு விதியிலும் தெரிகிறது.

இந்த உறவுக்கு வித்திட்டவர் மெல்பர்னைச் சேர்ந்த ஹாரி பெய்ட்செல். 1967இல் 'கலாஸ்' என்று பெயர்பெற்ற ஓர் ஆஸ்திரேலிய அணியை அவர் அயர்லாந்துக்கு அழைத்துச் சென்றார். டப்ளினின் குரோக் பார்க்கில் அந்த அணி, அவ்வாண்டின் அகில அயர்லாந்து வாகையரான மீத் மாவட்ட அணியைச் சந்தித்தது. மறு ஆண்டு மீத் அணி ஆஸ்திரேலியா சென்றது. கேலிக் விளையாட்டுக் கழகம் தன் நூற்றாண்டைக் கொண்டாடிய 1984இல் முதல் முறையான தொடர் தொடங்கியது. அதன் முதல் ஆட்டம் கார்க் நகரில் நடந்தது. 1990க்குப் பிறகு எட்டு ஆண்டு இடைவெளி. 1998 முதல் 2006 வரை ஆண்டுதோறும் தொடர் நடந்தது. இதுவே அதன் பொற்காலம்.

இவ்வாட்டங்கள் ஒரே மூதாதையின் வழிவந்தவை என்ற நம்பிக்கை அந்நாள்களில் பரவலாக இருந்தது. அயர்லாந்திலிருந்து தங்கவயல்களுக்குக் குடிபெயர்ந்தோர் தம் ஆட்டத்தை உடன் கொண்டுசென்றனர் என்பது அந்தக் கதை. வரலாறு அதற்கு எளிதில் இணங்கவில்லை. மெல்பர்னில் கால்பந்து விதிகள் எழுதப்பட்டது 1859இல். அயர்லாந்தில் கேலிக் விளையாட்டுக் கழகம் தர்லஸ் நகரில் தோன்றியது 1884இல். ஜெஃப்ரி பிளேனி போன்ற ஆஸ்திரேலிய வரலாற்றாசிரியர்கள் இந்த வம்சாவளியை ஏற்கவில்லை. ஆக, உறவு என்பது கண்டெடுக்கப்பட்டதன்று, வேண்டி உருவாக்கப்பட்டது. அதில் இழிவு ஒன்றுமில்லை. மரபுகள் பலவும் அவ்வாறே உருவாயின. ஆனால் உருவாக்கப்பட்ட உறவை இரு தரப்பும் இடைவிடாது பேண வேண்டும். இரத்த உறவைப்போல அது தானாக நிலைக்காது.

இவ்வளவு முயன்று இந்த உறவை ஏன் உருவாக்கினார்கள்? இந்திய வாசகர் இதை உணர ரஞ்சிக் கோப்பையை நினைத்துக்கொள்ளலாம். ரஞ்சிக்கு மேல் படியே இல்லாத ஓர் உலகைக் கற்பனை செய்ய வேண்டும். எத்தனை திறமையிருந்தாலும் ஒருவர் தம் மாநிலத்துக்காக மட்டுமே ஆட முடியும். நாட்டின் சட்டையை அணிய வழியே இல்லை. கேலிக் கால்பந்தாட்டக்காரரின் நிலை அதுதான். ஊர்த் திருச்சபை எல்லையை ஒட்டிய மன்றத்துக்காக ஆடுவார். திறமையிருந்தால் 32 மாவட்டங்களுள் தம் மாவட்டத்துக்காக ஆடுவார். அதோடு முடிந்தது. இன்னொரு செய்தி: அவருக்கு ஊதியம் கிடையாது. குரோக் பார்க்கில் எண்பதாயிரம் பேர் முன்னிலையில் ஞாயிறு அன்று ஆடியவர், அடுத்த நாள் காலை ஆசிரியராகவோ விவசாயியாகவோ தச்சராகவோ தம் பணிக்குத் திரும்புவார். அத்தகையவருக்கு அயர்லாந்தின் பச்சைச் சட்டையை அணியக் கிடைத்த அரிய வாய்ப்பு இந்தக் கலப்பு ஆட்டம்.

தொடரின் கோப்பை யார் பெயரைத் தாங்குகிறது என்பதிலேயே இது விளங்கும். கார்மக் மெக்அனலன் டைரோன் மாவட்ட வீரர், பள்ளி ஆசிரியர். 2003இல் டைரோன் முதன்முறையாக அகில அயர்லாந்து வாகை சூடியபோது அந்த அணியில் இருந்தவர். இத்தொடரில் அயர்லாந்துக்காகவும் ஆடியவர். 2004 மார்ச்சில், டைரோனின் தலைவராக இருந்த நிலையில், இதயக் கோளாறால் உறக்கத்திலேயே இறந்தார். வயது 24. அவ்வாண்டு முதல் கோப்பைக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. தொடர் நின்றுபோனால் அலமாரியில் பூட்டப்படுவது வெறும் வெள்ளிக் கிண்ணமன்று.

ஆஸ்திரேலிய ஆட்டக்காரருக்கும் வேறு பன்னாட்டுப் போட்டி இல்லை. ஆனால் அவர் தொழில்முறை வீரர். செப்டம்பர் இறுதியில் இறுதிப்போட்டி முடிந்ததும் அவர் உடல் ஓய்வு கேட்கும். அவருக்குச் சம்பளம் தரும் மன்றம், பழக்கமில்லாத பந்தோடு ஆடிக் காலை முறித்துக்கொண்டு வந்துவிடுவாரோ என்று அஞ்சும். ஒரு தரப்புக்கு வாழ்நாள் கனவு, மறு தரப்புக்குப் பருவம் முடிந்த பின் ஒரு பயணம்: இந்தச் சமனின்மை தொடக்கத்திலிருந்தே தொடரின் அடித்தளத்தில் விரிசலாக இருந்தது.

அந்த விரிசல் வன்முறையாக வெளிப்பட்டது. 2005இல் மெல்பர்ன் ஆட்டம் கைகலப்பில் சீர்கெட்டது. ஆஸ்திரேலிய அணித்தலைவர் கிறிஸ் ஜான்சன் வெளியேற்றப்பட்டார். மறு ஆண்டு குரோக் பார்க்கில் கிரகம் கெராட்டி ஒரு மோதலில் நினைவிழந்து மைதானத்திலிருந்து தூக்கிச் செல்லப்பட்டார். தம் அணியைத் திரும்ப அழைத்துக்கொள்வது பற்றி அயர்லாந்தின் மேலாளர் ஷான் பாய்லன் ஆட்டத்தின் நடுவிலேயே எண்ண வேண்டியதாயிற்று. 2007 தொடர் நிறுத்திவைக்கப்பட்டது. இங்கே கசப்பான ஒரு முரண் உண்டு. முந்தைய ஆண்டின் கைகலப்பு அனைவரும் அறிந்த நிலையிலும் அந்த 2006 ஆட்டத்தைக் காண வந்தவர்கள் சுமார் 82,000 பேர். நிர்வாகிகள் எதைக் கண்டு வெட்கினார்களோ, அதுவே கூட்டத்தின் ஒரு பகுதியைச் சேர்த்தது என்ற ஐயத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. பின்னர் விதிகள் இறுக்கப்பட்டன, ஆட்டம் தூய்மையானது. அந்தப் பழைய கூட்டம் திரும்பவில்லை.

2009இல் பொருளாதார நெருக்கடி காரணமாகத் தொடர் நடக்கவில்லை. 2011இல் கோல்ட் கோஸ்ட் ஆட்டத்துக்குப் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் பேர்தான் வந்தனர். 2013இல் ஆஸ்திரேலியா முழுக்க முழுக்கத் தொல்குடி வீரர்களைக் கொண்ட அணியை அனுப்பியது. பண்பாட்டு நோக்கில் அது பொருள் மிக்க முடிவு. ஆனால் அயர்லாந்து இரண்டாம் ஆட்டத்தை 116–35 என்று வென்றபோது பேசப்பட்டது அந்தப் பொருளைப் பற்றியல்ல, தொடருக்கு இனி என்ன தேவை இருக்கிறது என்பதைப் பற்றியே. 2014இல் திருத்தம் வந்தது: ஒரே ஆட்டம்; 'ஆல்-ஆஸ்திரேலியன்' தகுதி பெற்றவர்களுக்கு மட்டுமே ஆஸ்திரேலிய அணியில் இடம். பெர்த்தில் சுமார் 38,000 பேர் கூடினர். சிறந்தவர்கள் ஆடினால் மக்கள் வருவார்கள் என்பதை அது மெய்ப்பித்தது. எனினும் அடுத்து எப்போது, எங்கே என்ற கேள்விக்கு உறுதியான விடை இல்லாததால் அந்த வெப்பம் தங்கவில்லை.

விளையாட்டுப் பொருளியல் படிப்போருக்கு இங்கே ஒரு சிக்கல் காத்திருக்கிறது. 1956இல் பேஸ்பால் வீரர்களின் ஊழியச் சந்தையைப் பற்றி எழுதிய சைமன் ரோட்டன்பர்க், முடிவு எவ்வளவு நிச்சயமற்றதோ அவ்வளவு பார்வையாளர் ஆர்வம் இருக்கும் என்ற கருத்துக்கு வழிகோலினார். அந்த அளவுகோலின்படி இத்தொடர் தழைத்திருக்க வேண்டும். 1984 முதல் 2017 வரை நடந்தவை 20 தொடர்கள். அயர்லாந்து வென்றவை 10. ஆஸ்திரேலியா வென்றவை 10. இதைவிடச் சமமான போட்டி எங்கே கிடைக்கும்? 2017இல்கூட இரு ஆட்டங்களின் கூட்டுத்தொகையில் வேறுபாடு 13 புள்ளிகள்தான். ஆகவே, நிச்சயமின்மை மட்டும் மக்களைக் கட்டிவைப்பதில்லை.

கட்டிவைப்பது நினைவு. ஓர் ஆட்டத்தைப் பார்ப்பவர் தம் உடலால் அறிந்த ஒன்றையே பார்க்கிறார். பந்தைத் தவறவிட்டவரைத் திட்டும் முதியவர், தாமும் ஒருகாலத்தில் அதே பந்தைத் தவறவிட்டவர். இந்தக் கலப்பு ஆட்டத்தில் அத்தகைய முதியவர் இல்லை. அதற்குப் பள்ளி அணி இல்லை, ஊர் மன்றம் இல்லை, வார இறுதிப் போட்டி இல்லை. சிறந்த வீரர்கள்கூடச் சில வாரப் பயிற்சியோடு அதை ஆடிவிட்டுத் தம் ஆட்டத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். ஒட்டுமரம் காய்க்கும், ஆனால் அது நிற்க ஓர் அடிமரமும் மண்ணும் வேண்டும். இங்கே இரு கிளைகளை வெட்டிச் சேர்த்துக் குடுவையில் வைத்தார்கள். நீர் ஊற்றியவரை பசுமையாக இருந்தது.

நாட்காட்டியும் பகையானது. அக்டோபர், நவம்பர் என்பது ஆஸ்திரேலிய வீரரின் ஓய்வுக்காலம். அயர்லாந்தில் ஊர் மன்றப் போட்டிகள் சூடுபிடிக்கும் காலம். இரு நாடுகளும் தத்தம் விளையாட்டை வளர்க்க வளர்க்க, நடுவிலிருந்த பொதுநிலம் சுருங்கியது.

ஆயினும் பயனில்லாத முயற்சி என்று இதை ஒதுக்கிவிட முடியாது. வானில் பந்தைப் பற்றியவருக்குத் தடையற்ற உதை என்ற வழக்கம், 2017இல் வரையறுத்த வடிவில் கேலிக் கால்பந்துக்குள்ளேயே நுழைந்தது. வீரர்களின் இடப்பெயர்வும் ஒரு தனி வரலாறு. டப்ளினில் பிறந்த ஜிம் ஸ்டைன்ஸ் 1991இல் ஆஸ்திரேலியாவின் உயர்ந்த தனிநபர் விருதான பிரவுன்லோ பதக்கம் பெற்றார். டைக் கெனலி 2005இல் சிட்னி அணியோடு வாகை சூடி, ஊர் திரும்பி 2009இல் கெர்ரி மாவட்டத்தோடும் வாகை சூடினார். இளைஞர்கள் இவ்வாறு கடல் கடப்பதை இழப்பாகக் கருதும் அயர்லாந்து மக்கள் பலர். ஊதியமில்லாத விளையாட்டு வளர்த்த பயிரை ஊதியம் தரும் விளையாட்டு அறுவடை செய்கிறது என்ற அவர்களின் மனக்குறையில் நியாயம் இருக்கிறது.

எதிர்காலத்துக்கான மிக நம்பகமான பாதை, பெரும்பாலோர் பாராத பக்கத்தில் இருக்கிறது. பெண்களுக்கான தொடர் ஒரே ஒருமுறை, 2006இல், அயர்லாந்தில் நடந்தது. முதல் ஆட்டத்தை அயர்லாந்து 134–15 என்று வென்றது. போட்டியென்றே சொல்ல முடியாத அளவு. இன்று நிலைமை வேறு. 2017இல் ஆஸ்திரேலியாவில் பெண்களுக்கான தேசிய லீக் தொடங்கிய பின், கோரா ஸ்டான்டன் போன்றோர் திறந்த வழியில் அயர்லாந்துப் பெண்கள் பலர் அங்கே ஆடுகிறார்கள். இரண்டு ஆட்டங்களையும் உடலால் அறிந்த ஒரு தலைமுறை முதன்முறையாக உருவாகியிருக்கிறது. ஆண்களின் தொடருக்கு என்றும் வாய்க்காத அடிமரம் அது.

ஆண்களின் தொடரை மீட்பதானால் மூன்று நிபந்தனைகள் தவிர்க்க முடியாதவை: நான்கு ஆண்டுக்கு ஒருமுறையேனும் மாறாத தேதி, சிறந்தவர்களை விடுவிக்க மன்றங்களின் முன்கூட்டிய இசைவு, கல்லூரி மட்டத்திலாவது அந்த ஆட்டத்தை ஆடிப் பழகும் ஓர் இளைய கூட்டம். இவற்றுள் மூன்றாவதே கடினமானது, மூன்றாவதே இன்றியமையாதது. அது இயலாதெனில், வந்துபோகும் வாக்குறுதிகளால் ஆட்டக்காரர்களைக் காத்திருக்க வைப்பதைவிட, மெக்அனலன் கோப்பையைப் பெண்கள் தொடருக்கு மரியாதையோடு கையளித்துவிடுவது மேல். நாட்டின் சட்டையை அணிய வழியில்லாத ஆட்டக்காரர் அந்தப் பக்கத்திலும் இருக்கிறார். அவரும் திங்கட்கிழமை காலை பணிக்குச் செல்ல வேண்டியவரே.