அப்பாவின் மொறிஸ் மைனரும் என் கால்களும்

நீரிழிவைப் பற்றி எழுதுகிறவர்கள் சீனி, சோறு, நடைப்பயிற்சி என்று எழுதுவார்கள். அந்த நோய் ஒரு பெண்ணிடமிருந்து அவளுடைய காரையும் பறித்துக்கொண்டு போகும் என்று யாரும் எழுதி நான் வாசித்ததில்லை. ஆகவே நானே எழுதுகிறேன்.

கார் என்றால் புதுக்கார் அல்ல. 1957 ஆம் ஆண்டு மொறிஸ் மைனர். சாம்பல் நிறம்.  அந்த வருடம் ஒக்ரோபர் மாதத்தில்தான் பிரித்தானியக் கடற்படை திருகோணமலைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்துவிட்டுப் போனது. கடற்படை முற்றத்தை நம்பியிருந்த பல குடும்பங்களின் அடுப்பு அணைந்துபோனதாக அம்மா சொல்லுவா. எங்கள் அப்பாவுக்குத் துறைமுகத்தில் எழுதுவினைஞர் வேலை கிடைத்தது. ஒன்பது வருடம் காசு சேர்த்து, 1966 இல், மாற்றலாகிப்போன ஒரு வைத்தியரிடம் இந்தக் காரை வாங்கினார். எனக்கு அப்போது பத்து வயது.

இந்தக் காரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ் என்பவர். பிறகு மினி காரைச் செய்தவரும் அவர்தான். மொறிஸ் கம்பனி முதலாளி நஃபீல்ட் பிரபு இதைப் பார்த்துவிட்டு, நீரில் அவித்த முட்டை மாதிரி இருக்கிறது என்று முகம் சுழித்தாராம். 1948 இல் விற்பனைக்கு வந்தது. முதலாளிக்குப் பிடிக்காத அந்த முட்டைதான் பத்து இலட்சம் எண்ணிக்கையைத் தொட்ட முதல் பிரித்தானியக் கார். 1971 இல் உற்பத்தியை நிறுத்தும்போது பதினாறு இலட்சத்தைத் தாண்டியிருந்தது. இலங்கையில் வைத்தியர், ஆசிரியர், எழுதுவினைஞர் என்று நடுத்தரக் குடும்பங்களின் கார் அதுவாகவே இருந்தது. 1960 களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் கார் இறக்குமதியைக் கட்டுப்படுத்தினார்கள். ஆகவே இருந்த காரைத் திருத்தித் திருத்தி ஓடுவதைவிட எங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. 1990 களில் இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் திருத்துகிறவர்களுக்கு வேண்டிய பாகங்களை இலங்கையிலேயே செய்து அனுப்பினார்கள் என்றால் பாருங்கள், பெற்றவர்களைவிட வளர்த்தவர்களுக்குத்தான் கைப்பழக்கம் கூட.

எனக்குக் கார் ஓட்டப் பழக்கியது 1976 இல். தம்பிக்குப் பழக்கத்தான் அப்பா நினைத்திருந்தார். அவனுக்குப் பந்தடிதான் பெரிது. சீனக்குடாப் பக்கம் ஆள் நடமாட்டம் இல்லாத றோட்டில் ஞாயிற்றுக்கிழமை காலையில் கொண்டுபோய் விடுவார். செருப்பைக் கழற்றிப் பின்சீற்றில் போடச் சொல்லுவார். "காலால கேள் பிள்ளை, காதால கேளாத" என்பார். மொறிஸின் கிளச்சும் பிறேக்கும் இப்போதைய கார்களைப்போல மேலேயிருந்து தொங்குவதில்லை. தரையைத் துளைத்துக்கொண்டு எழும்பி நிற்கும். வட்டமான சின்ன மிதிகள். கிளச் எந்த இடத்தில் பிடிக்கிறது, பிறேக் எவ்வளவு தூரம் இறங்குகிறது என்பதெல்லாம் உள்ளங்காலில் தெரியும். முதலாம் கியர் கார் உருளும்போது விழாது, கறகற என்று கத்தும். லைற்றைத் தாழ்த்துகிற பொத்தான்கூடத் தரையில், இடது காலடியில். காலுக்கு இத்தனை வேலை வைத்த கார் அது. வளைவில் திரும்பும்போது மட்டும் கதவுத் தூணிலிருந்து ஒரு சின்னக் கை வெளியே நீண்டு வழி காட்டும். எங்கள் தெருப் பிள்ளைகள் அந்தக் கையைப் பார்ப்பதற்கென்றே வாசலில் நிற்பார்கள்.

அந்தக் காலத்தில் கார் ஓட்டுகிற பெண்கள் எங்கள் ஊரில் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். 1979 இல் ஆசிரியை ஆனபிறகு நான் பள்ளிக்கூடத்துக்குக் காரில் போனபோது ஒரு பெரியவர் அப்பாவிடம் வந்து, குமர்ப்பிள்ளைக்கு ஸ்ரியறிங் எதற்கு என்று கேட்டார். அதே பெரியவரின் மருமகளுக்கு ஊரடங்கு நாளொன்றில் நடுச்சாமத்தில் வயிற்றுக்குத்து எழும்பியது. 1980 களின் கடைசி. அம்புலன்ஸ் வராது. அப்பாவுக்கு இரவில் கண் தெரியாது. நான்தான் ஓட்டினேன். வெளிலைற்றைத் தணித்து, உள்லைற்றைப் போட்டு, ஜன்னலில் வெள்ளைச் சீலைத் துண்டு கட்டி, சோதனைச் சாவடிக்குச் சாவடி நின்று நின்று போனோம். உள்ளே இருப்பது பெண்கள் என்று தூரத்திலேயே தெரியவேண்டும். அதுதான் எங்களுக்குக் காவல். பிள்ளை ஆஸ்பத்திரியில் பிறந்தது. அதற்குப் பிறகு அந்தப் பெரியவர் ஸ்ரியறிங்கைப் பற்றிப் பேசவில்லை.

அப்படி எத்தனையோ ஓட்டம். 2004 மார்கழி 26 இல் உப்புவெளிப் பக்கத்திலிருந்து ஈரச்சீலையோடு வந்தவர்களை ஏற்றி இறக்கியதும் இதே கார்தான். உப்புத்தண்ணீரில் ஊறிய பின்சீற்றை வெயிலில் போட்டுக் காயவைக்க மூன்று நாள் எடுத்தது. மணம் மட்டும் போகவேயில்லை.

நீரிழிவு எனக்கு 2008 இல் பிடிபட்டது. குளிசை போடுவேன், மாதக் கிளினிக்குக்குப் போவேன். கால் எரிகிறது, இரவில் ஊசி குத்துகிறது என்று சொன்னால் மருந்து தருவார்கள். பிறகு எரிவு குறைந்தது. நோய் குறைகிறது என்றுதான் எவரும் நினைப்பார்கள். உண்மையில் எரிவு குறைவது சில பேருக்கு நரம்பு சாவதால். இரத்தத்தில் சீனி கூடுதலாக நெடுங்காலம் இருந்தால் நரம்புகளும் அவற்றுக்கு இரத்தம் கொடுக்கும் நுண்குழாய்களும் கெட்டுப்போகின்றன. உடம்பில் மிக நீளமான நரம்பு காலுக்குப் போகிற நரம்புதான். ஆகவே விரல் நுனியில் தொடங்கி மேலே ஏறும்.

அது எனக்குத் தெரியவந்தது 2022 இல், பெற்றோல் வரிசையில். சீனக்குடாவில் வெள்ளைக்காரர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் நூறளவில் நிற்கின்றன. அவற்றுக்குப் பக்கத்து ஊர்க்காரர்களான நாங்கள் ஐந்து லீற்றருக்காக இரவு பகலாகக் கிடந்தோம். யாழ்ப்பாணத்தில் 1990 களில் பொருளாதாரத் தடை இருந்தபோது பழைய ஒஸ்ரின்களையும் மொறிஸ்களையும் துளிப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். 2022 இல் மண்ணெண்ணெயும் இருக்கவில்லை. வரிசை நகரும்போதெல்லாம் என்ஜினைப் போடாமல் பிள்ளைகள் தள்ளுவார்கள். நான் கதவோடு நின்று ஸ்ரியறிங்கைப் பிடித்து நடப்பேன். நடுப்பகலில் ஒரு செருப்பின் வார் அறுந்தது. வெறுங்காலோடு தார் றோட்டில் நடந்தேன். வீட்டுக்கு வந்து கால் கழுவும்போது மகள்தான் கத்தினாள். வலது உள்ளங்காலில் இரண்டு விரல் அகலத்துக்குக் கொப்பளம். எனக்கு நோகவேயில்லை.

கிளினிக்கில் வைத்தியர் மீன்பிடி நரம்பு போன்ற ஒரு நைலோன் இழையை எடுத்தார். பத்துக் கிராம் அழுத்தத்தில் வளையக்கூடியதாம். கண்ணை மூடச் சொல்லி, அதைக் காலில் தொட்டுத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்டார். நான் அவர் எப்போது தொடங்குவார் என்று காத்துக்கொண்டிருந்தேன். கண் திறந்தபோது வலது காலில் முடித்துவிட்டு இடது காலுக்கு வந்திருந்தார்.

இதை வாசிக்கும் சகோதரிகளில் நீரிழிவு உள்ளவர்கள் இன்றைக்கே கிளினிக்கில் இந்த இழைப் பரிசோதனையைக் கேட்டுச் செய்யுங்கள். ஐந்து நிமிட வேலை. கோயில் வீதியில் உச்சி வெயிலில் வெறுங்காலோடு சுற்றுகிற நேர்த்திகளை விடியற்காலைக்கு மாற்றுங்கள், கோணேசர் கோபிக்கமாட்டார். ஒவ்வொரு இரவும் உள்ளங்காலைக் கண்ணாடி பிடித்துப் பாருங்கள். பெண்கள் வீட்டில் எல்லாருடைய காலையும் பார்ப்போம், எங்களுடையதைப் பார்க்கமாட்டோம்.

வைத்தியர் கார் பற்றி எதுவும் கேட்கவில்லை. என் வயதுப் பெண் கார் ஓட்டுவாள் என்று அவருக்குத் தோன்றியிருக்காது. நானும் கால் ஆறியபிறகு, தடித்த சப்பாத்து வேண்டாம், மெல்லிய அடி வைத்த சப்பாத்துப் போட்டு ஓட்டலாம் என்று பார்த்தேன். இரண்டு மாதம் ஓடியது.

பிறகு ஒரு மாலை. பிரட்றிக் கோட்டைப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தேன். திருகோணமலையில் புள்ளிமான்கள் மாடுகளைப்போல ஊருக்குள் திரியும், தெரிந்ததுதானே. ஒரு பெண்மான், பின்னால் குட்டி. றோட்டின் நடுவில் நின்றன. பிறேக்கை மிதித்தேன். கார் நிற்கவில்லை. இன்னும் அமத்தினேன். நிற்கவில்லை. குனிந்து பார்த்தால் என் கால் பிறேக்குக்கும் ஸ்ரியறிங் தண்டுக்கும் நடுவில் வெறும் தரையை முழுப்பலத்தோடு மிதித்துக்கொண்டிருந்தது. கைப்பிறேக்கை இழுத்தேன். மான் பாய்ந்துவிட்டது, குட்டியும் பாய்ந்தது. காருக்கு ஒரு கீறலும் இல்லை.

அந்த இடத்தில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை நின்றிருந்தால் என்று நான் நினைத்துப் பார்த்தது வீட்டுக்கு வந்தபிறகுதான். காரை ஓரமாக்கி, தம்பியின் மகனைக் கூப்பிட்டு, அவனை ஓட்டச் சொல்லி, பக்கத்துச் சீற்றில் இருந்து வந்தேன். 47 வருடத்தில் அந்தப் பக்கத்தில் நான் இருந்தது குறைவு. ஜன்னல் வழியாக உட்துறைமுகத்தின் தண்ணீர் நன்றாகத் தெரிந்தது.

விடமனமில்லாமல் கராஜ் நானாவிடம் போனேன். முப்பது வருடமாக எங்கள் காரைப் பார்க்கிறவர். கையால் பிறேக் போடுகிற பொறி வைக்கலாமா என்று கேட்டேன். அவர் காருக்குக் கீழே படுத்துப் பார்த்தார். தேநீர் குடித்தார். "ரீச்சர், இதுக்கு நாலு சில்லுக்கும் றம் பிறேக். மிதிக்கிற பலத்தைக் கூட்டிக் குடுக்கிற சாமான் ஒண்டும் இல்ல. காலின்ர முழுப் பாரமும் வேணும். கையால ஏலாது" என்றார். கியர் இல்லாத புதுக்கார் வாங்கினாலும் அதை மிதிப்பது அதே வலது கால்தான். நானா சொல்லாமல் விட்டதும் எனக்கு விளங்கியது.

விற்பது என்று முடிவெடுத்தால் கேட்க ஆள் நிறையவே. 2020 பங்குனியில் வாகன இறக்குமதியை நிறுத்தியதால் அப்போது நாட்டில் பழைய கார் எல்லாம் பொன்விலையாக இருந்தது. தரகர்கள் வந்தார்கள். வந்த ஒருவர் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப்பார்த்து, "வீட்டில ஆம்பிளையள் ஆரும் இல்லையோ?" என்றார். கார் என் பெயரில் இருக்கிறது என்றேன். மற்றவர் என்ஜினைக் கழற்றி எறிந்துவிட்டு நிசான் என்ஜின் போடுவாராம். இன்னொருவர் முழுக்காசும் தருகிறேன், வாங்குபவரின் பெயர் எழுதாமல் படிவத்தில் கையெழுத்து மட்டும் வையுங்கள் என்றார். சகோதரிகளே, அப்படி ஒருநாளும் கையெழுத்து வைக்காதீர்கள். பெயர் மாறாத வரைக்கும் வாகனம் உங்களுடையதுதான். அது எங்காவது ஆளை அடித்தால் பொலிஸ் தேடி வருவது உங்கள் வீட்டை.

கடைசியில் நானாவே ஒரு ஆளைக் கூட்டிவந்தார். கிண்ணியாவில் தனியார் வகுப்பில் கணிதம் படிப்பிக்கிற இளம் தம்பி, மனைவியோடு வந்தார். அவர் என்ஜினைப் பார்க்க, மனைவி பின்சீற்றில் போய் இருந்து பார்த்தா. "ரீச்சர், இதை நானும் ஓடிப் பழகலாமா?" என்று கேட்டா. விலையில் நான் இறங்கியது அந்தக் கேள்விக்குப் பிறகுதான். இறங்கியதை மகள் இன்னும் சொல்லிக்காட்டுகிறாள்.

2023 ஆவணியில் பதிவுப்புத்தகமும் கைமாற்றப் படிவமும் நிரப்பி, கொப்பி எடுத்து வைத்துக்கொண்டு, காரைக் கொடுத்தேன். அப்பாவின் சாவிக்கோர்வையை மட்டும் கழற்றி எடுத்தேன். அழுதேனா என்று கேட்கிறார்கள். அன்றைக்கு இல்லை. அடுத்த நாள் காலை ஆறரைக்குப் பக்கத்து வீட்டு மோட்டார்சைக்கிள் ஸ்ராட் ஆனபோது என் வலது கால் கட்டிலில் தானாக அசைந்தது. அப்போது அழுதேன்.

இப்போது முச்சக்கர வண்டியில்தான் போய்வருகிறேன். ஆஸ்பத்திரிக்குப் போகப் பரவாயில்லை. ஆனால் காரணமில்லாமல் நிலாவெளி வரை போய், கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பிவரலாம் என்று ஒரு முச்சக்கர வண்டிக்காரரிடம் எப்படிச் சொல்வது? கேட்டால், "ஆரைப் பாக்கப் போறியள் அம்மா?" என்கிறார்.

போன மாரியில் ஒரு விடியற்காலை கிண்ணியாவிலிருந்து தொலைபேசி. தம்பியின் மனைவி. தம்பி வெளியூர், பிள்ளைக்குக் காய்ச்சல், கார் ஸ்ராட் ஆகவில்லை. சாவியைத் திருப்பினால் முன்பக்கம் டிக் டிக் என்று ஒரு சத்தம் வருமே, வருகிறதா என்று கேட்டேன். வரவில்லையாம். அது பெற்றோல் பம். என்ஜினுக்குப் பின்சுவரில், கைக்கெட்டும் இடத்தில் ஒரு சின்ன உருளை. எங்களுக்கும் மழைநாளில் அடிக்கடி ஒட்டிக்கொள்ளும்.

"சாவியைத் திறந்து வைச்சபடி, ஸ்பனரின்ர பிடியால அதில மெதுவா ஒரு தட்டுத் தட்டுங்கோ" என்றேன். "பலமா இல்ல. கதவில தட்டிற மாதிரி."

தொலைபேசியைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனா. மழைச் சத்தம் கேட்டது. பிறகு டிக், டிக், டிக்.