கத்திரிக்காய்க்கு நாலு சக்கரம்

செகந்திராபாத்துக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து, ஊரிலிருந்து யார் வந்தாலும் சாலார்ஜங் மியூசியத்துக்கு அழைத்துப் போவது என் டியூட்டி. முகத்திரை போட்ட ரெபெக்கா சிலையைப் பத்து தடவையாவது பார்த்திருப்பேன். அங்கே இருப்பதில் பெரும்பகுதி மூன்றாம் சாலார்ஜங் என்ற ஒரே மனுஷர் சேர்த்தது. அவர் நவாப், காசு இருந்தது, வாங்கினார். போன ஞாயிறு பார்த்தது வேற கதை.

பகதூர்புராவில், நேரு மிருகக்காட்சி சாலைப் பக்கம் இருக்கிறது சுதா கார்ஸ் மியூசியம். சுதாகர் யாதவ் என்பவர் பள்ளிக்கூட நாளிலேயே காயலான் கடைச் சாமானை வைத்து சைக்கிள் செய்ய ஆரம்பித்தவர். 2010-ல் இந்த மியூசியத்தைத் திறந்தார். உள்ளே போனால் கத்திரிக்காய் கார், பர்கர் கார், ஷூ கார், கேமரா கார்... அட, வெஸ்டர்ன் டாய்லெட்டுக்குக் கூட சக்கரம்! பொம்மை இல்லைங்க, எஞ்சின் வைத்து ஓடுகிற வண்டிகள். 2005 ஜூலை 1-ம் தேதி அவர் ஓட்டிக் காட்டிய மூன்று சக்கர சைக்கிளின் உயரம் 41 அடி 7 அங்குலம். கின்னஸில் ஏறியது.

"கத்திரிக்காய் மாதிரி கார் செய்யப் போறேன், லோன் குடுங்க சார்" என்று யாராவது என் டேபிளுக்கு வந்திருந்தால், உட்காரக்கூடச் சொல்லியிருக்க மாட்டேன் :-)

தங்கமணி சிரித்துக்கொண்டே வந்தாள். எட்டாவது படிக்கிற பையன் மட்டும் வாயே திறக்கவில்லை. ஷூ காருக்கு அடியில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து கேட்டான்.

"ஏம்ப்பா, இவரோட சாமானை எல்லாம் இவங்க அப்பா கபாடிவாலாகிட்ட போடலையா?"

சுருக்கென்றது. பத்து நாள் முன்னால்தான், பரீட்சை வருதே என்று அவன் கட்டிலுக்கடியில் இருந்த அட்டைப்பெட்டியை எடைக்குப் போட்டிருந்தேன். பழைய மிக்ஸி மோட்டார், பொம்மைக் கார் சக்கரம், பல்சக்கரம், ஒயர்... எல்லாம் சேர்த்து 40 ரூபாய். அவன் கேட்டபோது, "குப்பையைப் போட்டேன்" என்று முடித்துவிட்டேன். அவனும் அதற்கப்புறம் எதுவும் கேட்கவில்லை. மறந்துவிட்டான் என்று நினைத்தேன்.

சண்டிகரில் நேக் சந்த் என்று ஒரு அரசு ஊழியர், உடைந்த வளையலும் பீங்கானும் பொறுக்கி, பல வருஷம் யாருக்கும் தெரியாமல் ஒரு தோட்டம் கட்டினார். 1976-ல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். அதுதான் ராக் கார்டன். எல்லாக் குப்பையும் மியூசியமாகாது, தெரியும். ஆனால் எது ஆகும் என்று எடை போட என்னிடம் தராசு இல்லை.

மறுநாள் ஆபீஸ் விட்டதும் அந்தக் கடைக்குப் போனேன். குவியலைக் கிளறியதில் இரண்டு குட்டி மோட்டார், ஒரு பல்சக்கரம் கிடைத்தது. 120 ரூபாய் என்றார். பேரம் பேசவில்லை. பி.காம். படித்தவன் தெரிந்தே செய்த நஷ்ட வியாபாரம்.

பையன் பையைப் பிரித்துப் பார்த்தான்.

"மிக்ஸி மோட்டார் இல்லையேப்பா..."

அவ்வளவுதான் சொன்னான். உள்ளே போய் ஸ்க்ரூ டிரைவர் தேட ஆரம்பித்துவிட்டான்.