சம்பளச் சீட்டு

ஐதராபாத்தில் ஒரு கல்வி நிறுவன விடுதியின் சமையற்கூடத்தில் நாள்தோறும் சப்பாத்தி தேய்க்கும் பெண்மணி, 2019இல் வீட்டுக்கடன் கேட்டுச் சென்றார். பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தின் வட்டி மானியம் அப்போது நடைமுறையில் இருந்தது. ஆண்டு வருமானம் 6 இலட்சத்துக்கு மிகாத குடும்பங்களுக்கு, கடனின் முதல் 6 இலட்சத்தில், 20 ஆண்டுகள் வரை, 6.5 விழுக்காடு வட்டியை அரசே ஏற்கும். மாதந்தோறும் அன்று, மொத்தப் பயனையும் இன்றைய மதிப்பில் கணக்கிட்டு ஒரே முறையில் அசலில் வரவு வைக்கும். உச்ச அளவு ஏறத்தாழ 2.67 இலட்சம். 9 விழுக்காடு வட்டியில் 5,400 ரூபாயை ஒட்டி வரும் மாதத் தவணை 3,000 ரூபாய்க்கு இறங்கிவிடும். கூலியில் வாழும் குடும்பத்துக்கு இது சிறிய வேறுபாடு அன்று.

திட்டத்தின் நெறிமுறைகளில் வியப்பூட்டும் ஒரு விதி உண்டு. வருமானத்துக்குச் சான்றாக விண்ணப்பதாரர் தாமே எழுதித்தரும் உறுதிமொழி போதும். அரசு ஏழையின் சொல்லை நம்பியது. ஆனால் அரசு தந்தது மானியம் மட்டுமே. கடன் தருவதும், திருப்பிச் செலுத்தும் திறனை அளப்பதும் கடன் நிறுவனம். அங்கே சம்பளச் சீட்டு கேட்டார்கள். ஒப்பந்தக்காரர் ரொக்கமாகக் கையில் வைக்கும் கூலிக்குச் சீட்டு ஏது? ‘எனக்கு மாதம் இவ்வளவு வருகிறது’ என்ற ஒரே வாக்கியம் ஓரிடத்தில் ஆவணமாகவும் மற்றோரிடத்தில் வெறும் பேச்சாகவும் நின்றது. (பேச்சுச்செயல் கோட்பாட்டை நடத்தும் ஆசிரியர்களுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.)

முடிவில், தனியார் மருத்துவமனையொன்றில் காவலாளியாக இருக்கும் கணவரின் சம்பளச் சீட்டை முன்வைத்தே கடன் கிடைத்தது. எனினும் வாங்கும் வீட்டின் உரிமையில் குடும்பத்துப் பெண்ணொருவர் பெயர் இடம்பெற வேண்டும் என்பது இவ்வருவாய்ப் பிரிவினருக்கான நிபந்தனை. கணவரின் அண்ணன் முணுமுணுத்தார். மானியம் போய்விடும் என்றதும் அடங்கினார். பத்திரத்தில் தெலுங்கில் தம் பெயரை எழுத அவர் நெடுநேரம் எடுத்துக்கொண்டாராம். பின்னால் நின்றவர்கள் பொறுமை இழந்தும் விரையவில்லை.

அந்த மானியம் 2022 மார்ச் 31உடன் நின்றது. 2024இல் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில், முதல் 8 இலட்சத்துக்கு 4 விழுக்காடு என, 1.80 இலட்சம் வரை ஐந்து ஆண்டுத் தவணைகளில் கிடைக்கும். இப்போதும் கடன் நிறுவனம் ஒப்புக்கொண்ட பிறகே மானியம். அதே கூடத்தில் காய் நறுக்கும் இன்னொரு பெண் இதைப் பற்றி அவரிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறார். அவர் கணவரை இழந்தவர். கூலி, இன்றும் ரொக்கம்தான்.