பேய் பேசும் மொழி

பேய்ப் படங்களைப் பற்றி ஓர் இலக்கிய மலரில் எழுதலாமோ என்று அன்பர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். அவர்களுக்கு ஒன்று நினைவூட்ட விரும்புகிறேன். செயங்கொண்டார் தம் பரணியில் பேய்களுக்குக் கூழ் அட்டு ஊற்றியிருக்கிறார். காரைக்கால் அம்மையாரோ தம்மையே பேய் என்று சொல்லிக்கொண்டவர். ஆதலின், பேயைப் பற்றிப் பேசுவது தமிழுக்குப் புதிதன்று. புதிது யாதெனில், பேய் எம்மொழியில் பேசுகிறது என்று உற்றுக் கேட்பதே. எல்லைப்புறத்தில் வாழும் எங்களுக்கு அவ்வாறு கேட்காமல் இருக்க இயலாது.

நான் வாழ்வது கேரளத்தின் சித்தூர் வட்டத்தில். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று எங்கள் ஊர்கள் கொங்கு நாட்டின் விளிம்பில் கிடக்கின்றன. வீட்டில் தமிழ், அலுவலகத்தில் மலையாளம், சந்தையில் இரண்டும். தொலைக்காட்சி வந்த புதிதில் ஓட்டின்மேல் நட்ட ஆண்டெனாவை ஒரு பக்கம் திருப்பினால் திருவனந்தபுரம் தெரியும். கொடைக்கானல் பக்கம் திருப்பினால் சென்னை தெரியும். காற்று பலமாக அடித்தால் இரண்டும் தெரியாது. அந்தக் கம்பத்தைத் திருப்பித் திருப்பியே என் இளமை கழிந்தது எனலாம்.

பின்னர்க் கம்பிவழித் தொலைக்காட்சி வந்தது. 1990களின் இறுதியில் இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்கிய ‘மர்மதேசம்’ சன் தொலைக்காட்சியில் வந்தபோது எங்கள் தெருவே அடங்கிப்போகும். அதன் ‘விடாது கருப்பு’ என்னும் பகுதியில் குதிரைமேல் வரும் கருப்பைக் கண்டு பிள்ளைகள் நடுங்கினார்கள். என் மாமியார் நடுங்கவில்லை. கருப்பு எங்கள் பக்கத்துக் காவல் தெய்வம். தவறு செய்தவனைத்தான் தொடும் என்பது அவர் துணிபு. 2004-இல் ஏசியாநெட்டில் ‘கடமற்றத்து கத்தனார்’ வந்தது. யட்சியை அடக்கும் பாதிரியாரின் கதையாகிய அதனையும் அவர் ஒரு நாள் விடாமல் பார்த்தார். ஆனால் பார்த்து முடித்ததும் வாசல் விளக்கை அணைக்க மாட்டார். நம் தெய்வம் நம்மிடம் வரம்பு மீறாது. அடுத்த வீட்டுத் தெய்வத்தின் மனநிலை நமக்கு என்ன தெரியும் என்று கருதினார் போலும். நான் இங்கே சொல்ல வந்ததன் சாரம் முழுவதும் அந்த விளக்கில் இருக்கிறது.

‘மணிச்சித்திரத்தாழ்’ என்னும் மலையாளப் படத்தை அறியாத அன்பர்கள் சிலரே இருப்பர். மது முட்டம் எழுத, ஃபாசில் இயக்கி, 1993-ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்தது. மாடம்பள்ளி என்னும் பழைய மாளிகையில் அடைபட்டுக் கிடப்பதாகச் சொல்லப்படும் நாகவல்லி, தஞ்சாவூரிலிருந்து கொண்டுவரப்பட்ட ஆடல்மகள். அவள் விரும்பியவனோடு வாழவிடாமல் மாளிகைத் தலைவன் அவளைக் கொன்றுவிட்டான். நூறாண்டு கழித்து அவ்வீட்டுக்கு வந்த கங்கை என்னும் இளம்பெண்ணின் உள்ளம் நோயுற்று, அவள் தன்னையே நாகவல்லியாகக் கருதத் தொடங்குகிறாள். கங்கையாக நடித்த ஷோபனா அப்படத்திற்காகத் தேசிய விருது பெற்றார்.

படம் பார்த்தவர்கள் அந்த ஓர் இடத்தை மறந்திருக்கமாட்டார்கள். கணவனோடு மலையாளத்தில் பேசிக்கொண்டிருக்கும் கங்கை, சினம் ஏற ஏற, பேச்சின் நடுவே தமிழுக்கு மாறிவிடுகிறாள். கண்ணும் குரலும் மாறுகின்றன என்பது உண்மையே. ஆனால் கொட்டகையை உறையவைப்பது மொழி மாறுவதுதான். 1994-இன் தொடக்கத்தில் எங்கள் பக்கத்துக் கொட்டகை ஒன்றில் நான் அப்படத்தைப் பார்த்தேன். முன்வரிசையில் இருந்த மலையாள நண்பர்கள் மூச்சடக்கி அமர்ந்திருந்தார்கள். பின்வரிசையில் இருந்த எங்களுக்கோ அச்சத்தோடு வேறொன்றும் சேர்ந்து வந்தது. சினம் கொண்ட தாய் பேசும் பேச்சு அன்றோ அது! அதனைக் கேட்டு எப்படி அஞ்சுவது?

இதில் இன்னொரு செய்தி உண்டு. கங்கைக்குக் குரல் கொடுத்தவர் பாக்கியலட்சுமி என்பதைக் கேரளம் முழுவதும் அறியும். நாகவல்லியின் குரலும் அவருடையதே என்றுதான் பல்லாண்டுகளாக எல்லோரும் எண்ணியிருந்தார்கள். படம் வந்து இருபது ஆண்டுகளுக்கும் மேல் கடந்த பின்னரே, அத்தமிழ்க் குரல் துர்கா என்னும் தமிழ்க் கலைஞருடையது என்பதை இயக்குநர் வெளிப்படுத்தினார். பாட்டின் தமிழ் அடிகளை எழுதியவர் வாலி என்பது தெரிந்திருந்தது; பேசியவர் யார் என்பது தெரியவில்லை. கதையில் நாகவல்லியை அடைத்துவைத்தது ஒரு மந்திரப் பூட்டு. அவள் குரலுக்கு உரியவரை மறைத்துவைக்க மந்திரம் எதுவும் தேவைப்படவில்லை.

அப்படம் 2024 ஆகஸ்டில் புதுமெருகேற்றப்பட்டு மீண்டும் திரைக்கு வந்தது. என் மகள் வயிற்றுப் பேத்தியை அழைத்துக்கொண்டு போனேன். ஏழாம் வகுப்பு, தொடக்கப் பள்ளியில் தமிழ்வழி படித்துவிட்டு இப்போது மலையாளவழிப் பள்ளிக்குப் போகிறாள். வீடு திரும்பும் வழியில், “அப்பிச்சி, அந்தப் பேயி எதுக்குங்க நம்மளாட்டப் பேசுது?” என்று கேட்டாள். கதையை விளக்கினேன். அவள் கேட்டது கதையை அன்று என்பது இரண்டு வாரத்தில் விளங்கியது. வகுப்புத் தோழிகளும் அப்படத்தைப் பார்த்திருக்கிறார்கள். இவள் வாய் தவறித் தமிழில் ஒரு சொல் சொன்னால், “நாகவல்லி வந்நு” என்று கூவத் தொடங்கினார்களாம். பகைமை ஒன்றும் இல்லை, விளையாட்டுத்தான். ஆனால் விளையாட்டுக்கும் முள் உண்டு. அந்த ஓணத்திற்குள் அவள் வீட்டிலேயே எங்களுக்கு மலையாளத்தில் மறுமொழி சொல்லத் தலைப்பட்டாள். தன் அம்மாயி சோறு போடும்போது ‘மதி’ என்பாள். ‘போதும்’ என்பது அவள் வாயில் வரவில்லை.

இதனைப் படித்துவிட்டு மலையாளிகளைக் குறைகூற யாரேனும் முற்படின், அவர்கள் ‘சந்திரமுகி’யை எண்ணிப் பார்க்கட்டும். 2005-இல் அதே கதை தமிழுக்கு வந்தது. ரஜினிகாந்த் நடித்தார், பி. வாசு இயக்கினார். தஞ்சாவூர் ஆடல்மகள் தாயகம் திரும்பித் தமிழ் பேசினாளோ எனின், இல்லை. தமிழ்க் கொட்டகையில் தமிழ் பேசினால் யார் அஞ்சுவார்? அவள் ஆந்திரத்திலிருந்து வந்தவளாகித் தெலுங்கு பேசினாள். அதற்கு முந்தைய ஆண்டு கன்னடத்தில் ‘ஆப்தமித்ரா’வாக வந்தபோதும் தெலுங்குதான். 2007-இல் பிரியதர்சன் இந்தியில் எடுத்தபோது வங்காளத்து மஞ்சுளிகா ஆனாள். கதை எத்தனை நாடு சுற்றினாலும் பேய் மட்டும் அந்நாட்டு மொழி பேசுவதில்லை. நாம் எல்லோரும் இதில் பங்காளிகள். எங்கள் தெருவில் வீட்டில் தெலுங்கு பேசும் அம்மையார் ஒருவர் அந்நாளில் என் மனைவியிடம், “ஏனுங்க, எங்க பேச்சைக் கேட்டா இப்பெல்லாம் உங்களுக்குப் பேயி ஞாபகம் வருதுங்களா?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அச்சிரிப்பு இப்போதுதான் எனக்கு முழுவதும் விளங்குகிறது.

சித்தூரில் வாழ்பவனுக்கு இதெல்லாம் பழக்கமானதுதான். எங்கள் பகவதி கோயிலில் ஆண்டுதோறும் கும்பமாதம் ‘கொங்கன் படை’ என்னும் விழா நடக்கிறது. படையெடுத்து வந்த கொங்கு மன்னனைப் பகவதி வென்ற கதையை வெடியும் முழக்கமுமாக நடித்துக் காட்டுவார்கள். கொங்கு வேளாளர்களும் கூட்டத்தில் நின்று, கொங்கன் தோற்பதைக் கண்டு கைகூப்பிவிட்டு, பொரி வாங்கிக்கொண்டு வீடு திரும்புவோம். யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. எதிரியின் வேடத்தைத் தாங்கவும் ஓர் அண்டை வீடு வேண்டியிருக்கிறது. ஆனால் விழா ஒரு நாள். திரைப்படம் கைப்பேசியில் நாள்தோறும் வருகிறது.

அண்மையில், 2025 ஓணத்தின்போது, டொமினிக் அருண் இயக்கிய ‘லோகா’ வந்தது. கல்யாணி பிரியதர்சன் யட்சியாக வருகிறார். கள்ளியங்காட்டு நீலி என்னும் பழங்கதை மகள், இரத்தம் உறிஞ்சும் கொடியவளாக அல்லாமல், இன்றைய பெங்களூருவில் எளியோரைக் காக்கும் வீராங்கனையாக நடமாடுகிறாள். சண்டைகள் நீளம், காதைப் பிளக்கும் ஓசை, ஆயினும் கற்பனை புதிது. கொடியவனாக வரும் காவல் அதிகாரி கன்னடர் என்பதைக் கண்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. யட்சிக்கு விடுதலை கிடைத்த படத்திலும் அண்டை மொழிக்கு விடுதலை இல்லை. அவ்வேடத்தில் நடித்தவரோ நம் தமிழ் நடன ஆசிரியர் சாண்டி!

ஆனால் நீலி யார்? கள்ளியங்காடு இருப்பது நாகர்கோவிலுக்கு அருகில். தொண்டைநாட்டுத் திருவாலங்காட்டின் அருகே பழையனூரில், தன்னைக் கொன்ற கணவனை மறுபிறப்பில் பழிவாங்கிய நீலி நமக்கு நெடுங்காலமாகத் தெரிந்தவள். அவள் அழுத பொய்யழுகையைத்தான் இன்றும் ‘நீலிக் கண்ணீர்’ என்கிறோம். காரைக்கால் அம்மையார் சேர்ந்ததும் அதே திருவாலங்காடு. மலையாளத்து நீலியும் நம் நீலியும் ஒருத்தியேயோ, உடன்பிறந்தாரோ, நான் அறியேன். உறவினர் என்பதில் ஐயமில்லை. 1956 நவம்பர் முதல் நாள் கோடு கிழித்தபோது கள்ளியங்காடு தமிழகத்துக்கு வந்தது. சித்தூரும், இடுக்கிப் பக்கத்தில் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. யட்சியின் ஊர் அங்கே. தமிழரின் ஊர்கள் இங்கே. கோடு கிழித்தவர்கள் பேய்களைக் கேட்கவில்லை. மக்களையும் எவ்வளவு கேட்டார்களோ!

இன்னும் ஒன்று. மலையாளத்தின் பெயர்பெற்ற ‘யட்சி’ நாவலை 1967-இல் எழுதிய மலையாற்றூர் இராமகிருஷ்ணன், பாலக்காட்டுக் கல்பாத்தியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். மறு ஆண்டே அது கே. எஸ். சேதுமாதவன் இயக்கத்தில் படமாயிற்று. அதற்கு அடுத்த ஆண்டு கானாயி குஞ்ஞிராமன் மலம்புழை அணைப் பூங்காவில் அந்தப் பெரும் யட்சியைச் சமைத்தார். ஆகவே நாங்கள் பேய்க்கு மொழி மட்டும் கொடுத்தவர்கள் அல்லர், எழுதுகோலும் கொடுத்தவர்கள்.

கறுப்பு வெள்ளையில் வந்த ‘பிரமயுகம்’ (2024) நன்று; மம்மூட்டியின் சிரிப்பு நெடுநாள் துன்புறுத்தும். அவ்வளவே சொல்லி மேலே செல்கிறேன். ஏனெனில் அதே நடிகரின் ‘நண்பகல் நேரத்து மயக்கம்’ என்னும் படத்தைப் பற்றித்தான் உங்களிடம் சொல்ல விரும்புகிறேன். எஸ். ஹரீஷ் எழுத, லிஜோ ஜோஸ் பெல்லிசேரி இயக்கி, 2023 ஜனவரியில் திரைக்கு வந்தது. வேளாங்கண்ணி சென்று திரும்பும் மலையாளிக் கூட்டத்தில் ஜேம்ஸ் ஒருவன். உச்சிவெயிலில் வண்டியில் உறங்கி எழுந்தவன், வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, ஒரு தமிழ்ச் சிற்றூருக்குள் நடந்து, ஒரு வீட்டுக்குள் புகுந்து, இரண்டாண்டுகளுக்கு முன் காணாமற்போன சுந்தரமாகவே பேசத் தொடங்குகிறான். ஆவி புகுந்த கதைதான். ஆனால் இருட்டு இல்லை, சிலம்பொலி இல்லை, பழிவாங்கல் இல்லை. மாட்டுக்குத் தீனி, அயலாரோடு வழக்கு, எங்கோ ஒலித்துக்கொண்டே இருக்கும் பழைய திரைப்பாட்டு. கண் தெரியாத தாய் தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருக்கிறார். வந்தவன் பேச்சு அவருக்கு மகன் பேச்சாகவே படுகிறது. தந்தையாக நடித்த ‘பூ’ ராமு படம் வெளிவருமுன்பே மறைந்துவிட்டார் என்பது நெஞ்சை உறுத்துகிறது.

இப்படத்தில் மலையாளியின் வாயில் தமிழ் வரும்போது யாரும் அலறுவதில்லை. உடன்வந்த மனைவி அழுகிறாள், ஊரார் குழம்புகிறார்கள், சுந்தரத்தின் மனைவி கதவோரம் நிற்கிறாள். அஞ்சுவது மொழியைக் கண்டு அன்று. ஒருவன் இரண்டு வீட்டிற்கு உரியவனாக இருக்கமுடியுமோ என்னும் வினாவைக் கண்டு. சித்தூர்க்காரனுக்கு அவ்வினா புதிதன்று. உங்களில் பலர் பம்பாயிலும் பெங்களூருவிலும் கடல் கடந்தும் வாழ்கிறீர்கள். உங்களுக்கும் புதிதன்று என்றே நினைக்கிறேன். கலை நயத்தில் ‘மணிச்சித்திரத்தாழ்’ எவ்வளவோ கட்டுக்கோப்பானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் எனக்கு இரண்டாவது படமே பெரிதாகப் படுகிறது.

2024 தீபாவளி விடுமுறையில் பேத்தியோடு அமர்ந்து அதனைப் பார்த்தேன். நடுவில் இரண்டுமுறை எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள். மெதுவான படம், அவள் வயதுக்கு அது கொஞ்சம் தண்டனைதான். முடிந்தபின், “மம்மூட்டி நல்லாத்தானுங்க பேசறாரு. ஆனா நம்ம ஊருப் பேச்சு இல்லீங்க, அப்பிச்சி” என்றாள். அவள் அம்மாயி அடுப்படியிலிருந்தே, “அவரு என்ன கொழிஞ்சாம்பாறைலயா பொறந்தாரு?” என்றார். அன்றிரவு சாப்பாட்டில் ‘மதி’யும் வந்தது, ‘போதும்’ என்பதும் வந்தது. நான் எதுவும் சொல்லவில்லை.

பள்ளியில் அவளுக்கு இன்றும் நாகவல்லி என்றுதான் பெயர். தோழிகள் அந்தப் பேச்சைப் பேசிக்காட்டச் சொல்லி வற்புறுத்துகிறார்களாம். இப்போது பேசிக்காட்டுகிறாள், ஒரு தடவைக்கு ஒரு கடலை மிட்டாய் என்று விலை வைத்திருக்கிறாள்.