சாத்தூர் நிக்காது!

ஸ்டேஷனுக்குப் போனதும் ஓடிப்போய் இன்ஜின் நம்பரைக் குறிச்சுக்கிற பார்ட்டி நான். 2023 செப்டம்பர் 24-ல் தொடங்கிய நெல்லை - சென்னை வந்தே பாரத்தில் அதுக்கு வழியே இல்லை பாஸ்! தனி இன்ஜினே கிடையாது. மோட்டாரெல்லாம் பெட்டிகளுக்கு அடியில். இந்த ரகத்தின் முதல் ரயிலை 2018-ல் செய்தது நம்ம பெரம்பூர் ஐ.சி.எஃப். எனக்குள்ளிருந்த இன்ஜினீயர் துள்ளினான்!

கோவில்பட்டி தாண்டியதும் ஜன்னலில் ஒட்டிக்கொண்டேன். அடுத்தது எங்க ஊர் சாத்தூர். எப்பவும் தாத்தா ஜன்னல் வழியா வெள்ளரிப்பிஞ்சு நீட்டுவார். இன்னிக்கும் பிளாட்பாரத்தில் நின்றார், வெறுங்கையோடு. கண்ணாடியைத் தட்டினேன். அதற்குள் ஊரே போயிருந்தது.

உடனே செல்போன். “என்னா வேகம்யா! உன் மொகந்தான் தெரியல.”

அடுத்த லீவுக்கு, சாத்தூரில் நிற்கிற ரயிலில்தான் டிக்கெட்!