பிராட்வே சார்ட் பேப்பரும் ஒரு சிவப்புத் தலையும்

பிராட்வே என்றதும் நியூயார்க்கை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது எர்ணாகுளம் பிராட்வே. பாத்திரம், துணி, மசாலா, சார்ட் பேப்பர் எல்லாம் ஒரே சந்தில் கிடைக்கும். என் கிளை அங்கிருந்து நடக்கிற தூரம். வீடு மட்டாஞ்சேரியில், தினமும் படகில்தான் வந்து போவது. திருநெல்வேலிக்காரனுக்கு இந்தப் படகுப் பயணம் மூன்று வருஷமாகியும் அலுக்கவில்லை.

ஏப்ரல் கடைசியில் மகளுக்குக் கோடை வகுப்பில் "ஒரு பறவை" வரைந்து வரச் சொன்னார்கள். பிராட்வேயில் சார்ட்டும் கலர் பென்சிலும் வாங்கிப் போனேன். அவள் இணையத்தில் படம் தேடி மரங்கொத்தி வரைந்தாள். தலை முழுக்க ரத்தச் சிவப்பு, உடம்பு கறுப்பு வெள்ளை. என் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இது எந்த ஊரு பட்சி? நம்ம மரத்துல இருக்கறது இப்படியா இருக்கு?" என்றாள்.

அம்மா சொன்னது சரி. மகள் வரைந்தது அமெரிக்கப் பறவை. அதற்கு ஆண், பெண் இரண்டுக்குமே தலையும் கழுத்தும் முழுக்கச் சிவப்பு. 1794-ல் ஸ்காட்லாந்திலிருந்து பிழைப்புத் தேடி அமெரிக்கா போன நெசவாளி அலெக்சாண்டர் வில்சன், அந்த மண்ணில் முதலில் பார்த்த பறவை இதுதான் என்று சொல்வார்கள். பிறகு அந்த நாட்டுப் பறவைகளைப் பற்றி அவர் பெரிய புத்தகமே எழுதி வரைந்தார். ஊரை விட்டு வந்தவன் கண்ணில்தான் இதெல்லாம் முதலில் படுகிறது போலிருக்கிறது.

எங்கள் வீட்டு ஜன்னலை ஒட்டி, மண்டை போன ஒரு பட்டுப்போன தென்னை. அதில் பொன்முதுகு மரங்கொத்தி ஒரு ஜோடி பொந்து குடைந்திருந்தது. நம்மூர்த் தோப்பில் எல்லோரும் பார்த்ததுதான். முதுகு பொன் மஞ்சள். ஆணுக்கு உச்சந்தலை முழுக்கச் சிவப்பு. பெண்ணுக்கு முன்நெற்றியில் கறுப்பில் வெள்ளைப் புள்ளி, பின்னால் கொண்டை மட்டும் சிவப்பு. மகள் ஒரே நாளில் பிடித்துக்கொண்டாள். "அப்பா குங்குமம் அப்பிக்கிட்டாரு, அம்மா பூ மட்டும் வச்சிருக்கா" என்றாள். சார்ட்டைத் திருப்பிப் போட்டு மறுபடி வரைந்தாள்.

சிக்கல் மே முதல் வாரம் வந்தது. ஹவுஸ் ஓனர் இக்கா மரம் வெட்ட ஆளோடு வந்தார். ஜூனில் எடவப்பாதி மழை பிடித்தால் மரம் ஓட்டின் மேல் சாயும், கீழேதான் அம்மா கட்டில். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. சொந்தத் தாய்க்கும் மேலாகப் பறவையை நினைக்க நான் பெரிய ஜீவகாருண்யவாதியும் இல்லை. சரி என்றுதான் சொன்னேன். மகள் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

ஏறப் போனவர் பொந்துக்குப் பக்கத்தில் மரத்தில் காதை வைத்தார். "சாரே, அகத்து குஞ்ஞுண்டு" என்று இறங்கிவிட்டார்.

அன்று ராத்திரி புத்தகத்தைப் புரட்டினேன். முட்டை பொரிய 11 நாள், குஞ்சு பறக்க சுமார் 20 நாள். சத்தம் கேட்கிறதென்றால் பொரிந்தாயிற்று. ஆக, பாக்கித் தவணை அதிகபட்சம் 20 நாள். பி.காம். படித்தது இதற்காவது உதவியது :-)

மறுநாள் இக்காவைப் போய்ப் பார்த்தேன். அம்மா கட்டிலை ஹாலுக்கு மாற்றிவிடுகிறேன், ஓடு உடைந்தால் பணம் என் பொறுப்பு, மே 31 வரை பொறுங்கள் என்றேன். இருபது வருஷமாக அடுத்தவர் ஜாமீனைப் பரிசோதித்துக் கையெழுத்துப் போட்டவன், முதல் தடவையாக நானே ஜாமீன் நின்றேன். அவர் சிரித்துவிட்டு டீ கொடுத்தார்.

அம்மாவுக்குத்தான் கோபம். "உங்க தாத்தா இதைக் கல்லெடுத்து விரட்டுவாரு, தென்னையை ஓட்டை போடுதுன்னு" என்றாள். பெரும்பாலும் அது கொத்துவது பட்ட மரத்தை, தின்பது எறும்பும் புழுவும்தான். சொன்னால் கேட்கிற வயசா?

அவளைச் சமாதானப்படுத்த ஒரு கதை சொன்னேன். கொல்கத்தாவில் வேலை பார்த்தபோது இந்தியன் மியூசியத்தில் பர்ஹுத் ஸ்தூபத்தின் வேலிக் கற்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டாயிரம் வருஷத்துக்கும் முந்தைய சிற்பம். 1873-ல் கன்னிங்ஹாம் கண்டெடுத்தது. அதில் ஒரு வட்டத்துக்குள் மான், ஆமை, மரங்கொத்தி. மான் வேடன் கண்ணியில் மாட்டிக்கொள்ளும். ஆமை தோல் வாரைக் கடிக்கும். அது மெதுவாகத்தானே கடிக்கும்? அதுவரை வேடனை வீட்டை விட்டு வெளியே வரவிடாமல் பார்ப்பது மரங்கொத்தியின் வேலை. முன்வாசலில் வந்தால் முகத்தில் மோதும். சகுனம் சரியில்லை என்று அவன் திரும்பிவிடுவான், பிறகு கொல்லைவாசலில் வந்தால் அங்கேயும் அது காத்திருக்கும். ஜாதகக் கதை. கல்லில் சிவப்பு ஏது? ஆனாலும் பார்த்ததும் அந்தப் பறவையைத்தான் தேடினேன்.

அம்மா முழுக்கக் கேட்டாள். "அப்போ அதுவும் நாள்தான் கடத்திச்சு, உன்னைப் போல" என்றாள்.

மே 19 ராத்திரி கோடை மழை, பேய்க்காற்று. ஹாலில் நான்கு பேரும் தூங்கவில்லை. மரம் கிறீச் என்று ஆடுகிற ஒவ்வொரு தடவையும் எனக்கு வயிறு கலங்கியது. விழுந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்னும் தெரியவில்லை. காலையில் மரம் நின்றது. நான்கு ஓடு மட்டும் நழுவியிருந்தது, காசு கொடுத்துவிட்டேன்.

மே 24 மத்தியானம் பிராட்வேயில் குடை வாங்கிக்கொண்டிருந்தேன். அம்மாவிடமிருந்து போன். "ஏல, ரெண்டு பறந்துட்டு. இன்னொண்ணு தலையை நீட்டிட்டு முழிக்கு. தலை சிவப்பால, பையன்னு நினைக்கேன்." மூன்று வாரம் காவல் இருந்த நானும் மகளும் பார்க்கவில்லை. பார்த்தது அம்மா மட்டும்.

ஜூன் 1 அன்று மரத்தை வெட்டினார்கள். பொந்து இருந்த மூன்றடித் துண்டை மகள் கேட்டு வாங்கி மாமரத்தில் கட்டியிருக்கிறாள். இதுவரை யாரும் குடிவரவில்லை. அம்மா மட்டும் தினமும் ஒரு தடவை போய் எட்டிப் பார்த்துவிட்டு வருகிறாள்.