அயலான் இடுப்பில் ஆயுதம்

செஞ்சியின் வரலாற்றை ஆயுதத்தோடு உள்ளே வந்த வெளியாட்களின் பட்டியலாக எழுதிவிடலாம். இடையர் குலத்துக் கோன்கள் தொடங்கிவைத்த கோட்டை என்று சொல்வார்கள். அதற்குப் பிறகு வந்தவர்களில் எவரும் உள்ளூர்க்காரர் அல்லர். விஜயநகரத்தின் பெயரால் நாயக்கர்கள், 1649-ல் பீஜப்பூர்ப் படை, 1677-ல் சிவாஜி, எட்டாண்டு முற்றுகைக்குப் பின் 1698-ல் முகலாயர், அவர்கள் அமர்த்திய பந்தேலர், ஆற்காட்டு நவாப், 1750-ல் பிரெஞ்சுக்காரர், 1761-ல் ஆங்கிலேயர். 2025-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் எங்கள் ஊர் இடம்பெற்றதும் 'மராட்டியப் போர்த்தளங்கள்' என்ற தலைப்பின் கீழ்தான். பன்னிரண்டு கோட்டைகளில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே உள்ளது இது ஒன்றே. ராஜகிரியின் நிழலில் வளர்ந்தவர்களுக்கு, ஆயுதமேந்திய அயலான் என்பவன் புதியவன் அல்லன்.

ஆனாலும் சென்ற ஆண்டு என் சித்தி ஒரு கேள்வி கேட்டபோது உடனே பதில் சொல்ல இயலவில்லை. "ஏம்ப்பா, தம்பி துப்பாக்கி வாங்கி இடுப்புல சொருவிக்கிட்டுத் திரியறானாமே, நெசமா? அவன் அந்த ஊருக்காரனே இல்லியே, அவனுக்கு எப்பிடிக் குடுப்பாங்க?" என்றார். சித்தியின் மகன் இருபது ஆண்டுகளுக்கு முன் எச்-1பி விசாவில் போனவன். நெடுங்காலம் காத்திருந்து கிரீன் கார்டு பெற்றான். மென்பொருள் வேலை போனபின் டெக்சாசில் நண்பர் ஒருவரோடு பங்குசேர்ந்து, பெட்ரோல் பங்கும் சிறு கடையும் நடத்துகிறான். நள்ளிரவில் கல்லாவைக் கட்டிக்கொண்டு தனியே கார் வரை நடக்கவேண்டியவன். துப்பாக்கி வாங்கியது உண்மைதான். அதை மறைத்து எடுத்துச் செல்வதற்கான உரிமமும் வாங்கியிருந்தான்.

சித்தியின் கேள்வியில் இரண்டு கேள்விகள் இருந்தன. முதலாவது பயம், அதற்கு என்னிடம் மருந்தில்லை. இரண்டாவது சட்டம். நாட்டின் குடிமகன் அல்லாத ஒருவனை நம்பி ஓர் அரசு ஆயுதத்தை எப்படிக் கொடுக்கிறது? இதைத் தேடிப் படிக்கத் தொடங்கியபோது, அமெரிக்காவுக்குப் போன பாதை சென்னை வழியாகவும் செஞ்சி வழியாகவும் திரும்பி வந்ததுதான் எனக்கு வியப்பு.

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் அயலாரை இரண்டாகப் பிரிக்கிறது. நிரந்தரக் குடியிருப்புச் சீட்டு, அதாவது கிரீன் கார்டு வைத்திருப்பவர் துப்பாக்கி வாங்கலாம். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் பொதுவாக வாங்கக்கூடாது. ஆனால் அவரும் ஏதேனும் ஒரு மாநிலத்தின் வேட்டை உரிமம் வாங்கிவிட்டால் விலக்குப் பெறலாம் என்பது அந்தச் சட்டத்தின் விநோதங்களில் ஒன்று. மாநிலங்களின் மனநிலையோ நெடுங்காலம் வேறாக இருந்தது. 1909-ல் பென்சில்வேனியா, குடியுரிமை பெறாத அயல்நாட்டவர் வேட்டைத்துப்பாக்கி வைத்திருக்கவே கூடாது என்று சட்டம் செய்தது. இத்தாலியர் ஒருவர் தொடுத்த வழக்கில், 1914-ல் உச்ச நீதிமன்றம் அச்சட்டம் செல்லும் என்றது. மறைத்து எடுத்துச் செல்லும் உரிமம் குடிமக்களுக்கு மட்டுமே என்ற நிபந்தனை சில மாநிலங்களில் இந்த நூற்றாண்டிலும் நீடித்தது. தெற்கு டகோட்டாவில் நெடுநாள் வாழ்ந்த பிரிட்டிஷ்காரர் ஒருவர் வழக்குத் தொடுக்க, சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்ற அரசியலமைப்பின் பதினான்காம் திருத்தத்தைக் காட்டி 2011-ல் கூட்டாட்சி நீதிமன்றம் அந்த நிபந்தனைக்குத் தடை விதித்தது.

டெக்சாசில் 2021 செப்டம்பர் முதல், இருபத்தொரு வயதானவர்கள் சட்டத்தடை ஏதும் இல்லாதபோது உரிமம் இல்லாமலேயே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம். பிறகு ஏன் நீ வகுப்புக்குப் போய், விரல்ரேகை கொடுத்து, குறிபார்த்துச் சுட்டுக்காட்டி உரிமம் வாங்கினாய் என்று தம்பியைக் கேட்டேன். "வெள்ளக்காரனுக்குக் காயிதம் வேணாண்ணா. எனக்கு வேணும்" என்றான்.

இந்தப் பதிலை நான் பலநாள் யோசித்தேன். அதற்குப் பின்னால் சட்டத்தின் இன்னொரு பிரிவு இருக்கிறது. துப்பாக்கி தொடர்பான குற்றத்தில் தண்டிக்கப்படும் குடிமகன் அபராதமோ சிறையோ அனுபவித்துவிட்டு வீடு திரும்புவான். அதே குற்றத்துக்குத் தண்டிக்கப்படும் கிரீன் கார்டுக்காரன், எத்தனை ஆண்டு அங்கே வாழ்ந்திருந்தாலும், அவன் பிள்ளைகள் அங்கேயே பிறந்திருந்தாலும், நாடுகடத்தப்படக்கூடியவன் ஆகிறான். காவலர் காரை நிறுத்தி அடையாளம் கேட்டால், ஆயுதம் உடனிருக்கும் பட்சத்தில் ஓட்டுநர் உரிமத்தோடு துப்பாக்கி உரிமத்தையும் எடுத்துக் காட்டவேண்டும் என்பது டெக்சாஸ் விதி. தம்பிக்குத் திருடனைவிட அந்த நிமிடத்தைப் பற்றித்தான் அதிகம் அச்சம். கைகள் இரண்டையும் ஸ்டீயரிங் மேல் வைத்துக்கொண்டு, "ஐயா, என்னிடம் ஆயுதம் இருக்கிறது" என்று தன் உச்சரிப்பில் சொல்லவேண்டிய நிமிடம். 2017 பிப்ரவரியில் கன்சாஸ் மாநிலத்து மதுக்கூடம் ஒன்றில், 'என் நாட்டை விட்டுப் போ' என்று கத்தியபடி ஒருவன் தெலுங்குப் பொறியாளர் ஒருவரைச் சுட்டுக் கொன்றான். ஆயுதம் வேண்டும் என்று தம்பிக்கு முதன்முதலாகத் தோன்றியது அந்த வாரம்தான். அவன் அப்போது எச்-1பி விசாவில் இருந்தான். 

அயலான் கைத் துப்பாக்கிக்கு எடை அதிகம் என்பதைத் தமிழ்நாடு வேறுவிதமாக, எதிர்ப்பக்கத்தில் இருந்து அறிந்திருக்கிறது. 1982 மே 19 அன்று சென்னை பாண்டிபஜாரில் பிரபாகரனும் உமாமகேஸ்வரனும் ஒருவரையொருவர் நோக்கிச் சுட்டுக்கொண்டார்கள். இருவரும் இந்தியக் குடிமக்கள் அல்லர். இருவர் துப்பாக்கிக்கும் இங்கே உரிமம் இல்லை. 1986 நவம்பர் முதல் நாள், தீபாவளியன்று, சூளைமேட்டில் ஈழ இயக்கம் ஒன்றைச் சேர்ந்தவர்கள் சுட்டதில் உள்ளூர் இளைஞர் ஒருவர் இறந்தார். ஒரே வாரத்தில் எம்.ஜி.ஆர். அரசின் காவல்துறை மாநிலம் முழுதும் இயக்கங்களின் முகாம்களில் புகுந்து ஆயுதங்களைப் பறித்தது. சட்டப்படி பார்த்தால் அது சரியான நடவடிக்கைதான். ஆனால் கணக்கு அத்தோடு தீரவில்லை. 1991-ல் ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு, கையில் கத்திகூட இல்லாத அகதிகள் எல்லோரும் சந்தேகத்துக்கு உரியவர்கள் ஆனார்கள். எங்கள் மாவட்டத்திலேயே கடற்கரையோரம் கீழ்ப்புத்துப்பட்டில் முகாம் இருக்கிறது. ஆயுதத்தை விட்டு ஓடிவந்தவர்கள், ஆயுதம் வைத்திருந்த சிலருக்காகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டும் தணிக்கைக்கு வரிசையில் நின்றுகொண்டும் வாழ்ந்தார்கள். குடிமகன் சுட்டால் அந்தக் குற்றம் அவனோடு நின்றுவிடுகிறது. அயலான் சுட்டால் அவனைப் போன்ற முகம் கொண்ட அனைவரும் அதற்குப் பதில் சொல்லவேண்டியிருக்கிறது. தம்பிக்குக் காகிதம் ஏன் தேவைப்படுகிறது என்பதை நான் புரிந்துகொண்டது இங்கிருந்துதான்.

நம் சட்டம் அயலானை எப்படிப் பார்க்கிறது என்று தேடினால், முதலில் கண்ணில் படுவது தலைகீழான ஒரு காலம். பாளையக்காரர் போர் முடிந்ததும் 1801 டிசம்பரில், சென்னை ஆளுநராக இருந்த எட்வர்ட் கிளைவ் தென்சீமையில் ஆயுதங்களைத் தடைசெய்து பிரகடனம் வெளியிட்டார். 1878-ல் லிட்டன் பிரபு காலத்து ஆயுதச் சட்டம் இந்தியா முழுமைக்கும் உரிமத்தைக் கட்டாயமாக்கியது. ஐரோப்பியர்களுக்கு விலக்கு. அதாவது வெளியிலிருந்து வந்தவன் கேள்வியின்றித் துப்பாக்கி வைத்திருக்கலாம், மண்ணில் பிறந்தவன் மனுப் போடவேண்டும். 1887-ல் சென்னையில் கூடிய மூன்றாவது காங்கிரஸ் மாநாட்டிலேயே இச்சட்டத்தைத் திருத்தக் கோரித் தீர்மானம் வந்தது. ஆயுதம் வேண்டும் என்பதைக் காட்டிலும் அவமானத்தை நீக்கவேண்டும் என்பதே அந்தக் கோரிக்கையின் உள்ளுணர்வு என்று எனக்குப் படுகிறது.

1959-ல் சுதந்திர இந்தியா இயற்றிய ஆயுதச் சட்டத்தின் பதின்மூன்றாம் பிரிவில் 'இந்தியக் குடிமகன்' என்ற சொல் ஓர் இடத்தில் வருகிறது. தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ இருபது அங்குலத்துக்குக் குறையாத குழல் கொண்ட சாதாரண வேட்டைத்துப்பாக்கியையோ, பயிரைக் காக்க மருந்து கெட்டிக்கும் நாட்டுத்துப்பாக்கியையோ ஒரு குடிமகன் கேட்டால், வேறு தடை இல்லாதபோது அதிகாரி உரிமம் வழங்கவேண்டும். கைத்துப்பாக்கி உள்ளிட்ட பிறவற்றுக்கு, கேட்பவர் யாராக இருந்தாலும், தகுந்த காரணம் உண்டு என்று அதிகாரி மனநிறைவு கொள்ளவேண்டும். ஆக, அயலானுக்குக் கதவு சாத்தப்படவில்லை. ஆனால் உழவனின் எளிய துப்பாக்கியைக்கூட அவன் உரிமையாகக் கேட்க முடியாது, காரணம் சொல்லித்தான் கேட்கவேண்டும். இன்னொரு செய்தியும் சுவையானது. 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி, பொது இடத்தில் எடுத்துச் செல்லப்படும் துப்பாக்கி உறையிலிட்டு முழுதும் மூடப்பட்டிருக்கவேண்டும். அமெரிக்காவில் தனி உரிமமாகப் பேசப்படும் மறைத்தல், நம் நாட்டில் கட்டாயக் கடமை.

என் தாத்தாவிடம் அப்படியொரு நாட்டுத்துப்பாக்கி இருந்தது. மல்லாட்டைக் கொல்லையில் இறங்கும் காட்டுப்பன்றிகளை வெருட்டுவதற்காக வாங்கியது. அது வெடித்து நான் கேட்டதில்லை. தேர்தல் வரும்போதெல்லாம் அதைக் கோணிச்சாக்கில் சுற்றிக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கிவருவார், முடிந்ததும் ரசீதைக் காட்டித் திரும்ப எடுத்துவருவார். அந்த ரசீதுகளை நிலப்பத்திரங்களோடு ஒரே தகரப்பெட்டியில் வைத்திருந்தார். துப்பாக்கி மூலையில் துருப்பிடித்துக் கிடந்தது, காகிதங்கள் பத்திரமாக இருந்தன. அவர் மறைந்தபின் அதை ஒப்படைத்துவிட்டோம். திரும்பக் கேட்க எவருக்கும் தோன்றவில்லை.

செஞ்சியின் மாபெரும் நாயகன் தேசிங்குராஜனின் கதையும் ஒரு காகிதத்தைப் பற்றியதுதான் என்பது பலருக்கு நினைவிருக்காது. தேஜ்சிங் என்ற அந்த பந்தேலா ராஜபுத்திர இளைஞன், தந்தை சொரூப்சிங்குக்கு ஔரங்கசீப் தந்த பர்மானைக் காட்டிச் செஞ்சி தனக்குரியது என்றான். பாதுஷா மாறிவிட்டார், புதியவரிடம் உறுதிப்படுத்திக்கொண்டு வா என்பது ஆற்காட்டுத் தரப்பின் வாதம். இன்றைய மொழியில் சொன்னால், உரிமம் புதுப்பிக்கப்படவில்லை. அந்த வழக்கு வாளால் தீர்க்கப்பட்டது. 1714 அக்டோபர் 3 அன்று, நவாப் சாதத்துல்லா கானின் படையோடு மோதி அவன் இறந்தபோது வயது இருபத்திரண்டு என்பார்கள். தோழன் மகமத்கானும் குதிரையும் அடங்கிய இடம் என்று நீலாம்பூண்டியில் இன்றும் காட்டுகிறார்கள். தமிழ் அவன் தாய்மொழி அன்று. பத்து மாதங்கூட முழுதாக ஆளவில்லை. ஆயினும் தெருக்கூத்திலும் கதைப்பாட்டிலும் அவனைத் தங்கள் ராஜாவாக ஏற்றுக்கொண்டவர்கள் இந்த ஊர் மக்கள். அவர்கள் எந்தப் பர்மானையும் பார்க்கக் கேட்கவில்லை. ஆனால் அதற்கு அவன் இங்கேயே சாகவேண்டியிருந்தது.

தம்பிக்கு அப்படிப்பட்ட ஏற்பு எதுவும் வேண்டாம். கடையைப் பூட்டிவிட்டு உயிரோடு வீடு சேர்ந்தால் போதும். ஆயினும் அந்த நாடு அவனிடம் வைத்திருக்கும் நம்பிக்கையின் வடிவம் எனக்கு விசித்திரமாகவே தெரிகிறது. இடுப்பில் துப்பாக்கியோடு நடக்க அவனை நம்புகிறது. அதிபர் தேர்தலில் வாக்களிக்கவோ, ஜூரியில் அமரவோ நம்புவதில்லை. ஓர் அந்நியனிடம் முதலில் கொடுக்கவேண்டியது எது, கடைசியில் கொடுக்கவேண்டியது எது என்ற கணக்கு ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வொரு விதமாக இருக்கும் போலும்.

கிரீன் கார்டு வாங்கி ஐந்தாண்டு முடிந்துவிட்டது. குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். குடியுரிமை கிடைத்தால் நாடுகடத்தப்படும் அச்சம் தீரும். வாக்குரிமை வரும். அந்தக் காகிதமும் அவனுக்குத் தேவைப்படாமல் போகலாம். ஆனால் இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. உறுதிமொழி எடுக்கும் அன்றே அவன் செஞ்சியில் சட்டப்படி அயலான் ஆகிவிடுவான். தாத்தாவின் கொல்லையில் பன்றி வெருட்ட ஒரு நாட்டுத்துப்பாக்கி வேண்டுமென்றால்கூட, குடிமகனுக்குரிய அந்தப் பிரிவு அவனுக்குப் பொருந்தாது. தகுந்த காரணம் சொல்லவேண்டிய வரிசையில் போய் நிற்கவேண்டும். இதை அவனிடம் சொன்னபோது சிரித்தான். பிறகு சிறிதுநேரம் ஒன்றும் பேசவில்லை. விண்ணப்பத்தை இன்னும் நிரப்பவில்லை என்று சித்தி சொல்கிறார்.